முதல் வரியில் காசு கட்டாதவர்

பதிவுக் கொப்பியை நேற்று உங்கள் மூவரிடமும் ஒப்படைத்தபோது, ஒருவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "நானா, ஒவ்வொரு ஓட்டத்திலயும் முதலாவது பேருக்கு நேரே, கட்டணம் எண்ட இடத்துல கோடு மட்டும் இழுத்திரிக்கீங்களே, மறந்துபோய்ட்டீங்களா?" என்று கேட்டீர்கள். மறக்கவில்லை. வாயால் சொன்னால் அரைவாசி விட்டுப்போகும் என்பதால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். ஆசிரியர் நியமனக் கடிதம் வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை நான் ஒரு பள்ளிக்கூடத்தில் நிற்பேன். அதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும்.

குதிரைக்கு எவ்வளவு புல், கடைகளுக்கு இடம் எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் நீங்கள் ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்வீர்கள். அதை எழுதப்போவதில்லை. நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். அந்தப் பிழையிலிருந்து இந்தக் குதிரை ஓட்டத் திடலை மூன்று பேர் காப்பாற்றினார்கள். அந்த மூவரில் நான் இல்லை.

இந்த வேலைக்கு என்னை எடுத்ததற்கு ஒரே காரணம் எனக்கு எழுதத் தெரியும் என்பது. வாப்பா கரைவலை இழுத்தவர். கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு ஓடுகிற குடும்பம் எங்களுடையது. உயர்தரம் வரை போன முதல் ஆள் நான். திடலின் தலைவர், அரிசி மில் வைத்திருக்கிற ஹாஜியார், என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி எழுதுறவன் களவெடுக்க மாட்டான்" என்று சொல்லி அன்றைக்கே கணக்கெழுதும் கதிரையில் இருத்தினார். எழுத்துக்கும் நாணயத்துக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

இந்த வெளி பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்யப்பட்ட, அதாவது இறைவன் பெயரால் தானமாக எழுதப்பட்ட, காணி என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இங்கே யாரும் குதிரை மேல் பணம் கட்ட முடியாது. மூன்று பக்கமும் திறந்த கடற்கரை, டிக்கட் போடவும் வழியில்லை. பெருநாள் ஓட்டத்தின்போது ஐஸ்கிறீம், கச்சான் என்கிற வறுத்த கடலை, விளையாட்டுச் சாமான் கடைகள் கொடுக்கிற இடவாடகைதான் வருமானம். வென்றவருக்கான பரிசை முன்பெல்லாம் ஊர்க் கடைக்காரர்கள் கொடுத்தார்கள். அதில் குறை இருக்கவில்லை.

பிறகு கடல் வந்தது. கொட்டில், வேலி, கடைத்தெரு, அந்தக் கடைகளில் இருந்த மனிதர்கள் எல்லாம் அந்த ஒரு காலையில் போனார்கள். அந்தக் காலையில் மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டிருந்த ஒரு பெண்குதிரை மட்டும் கட்டில்லாமல் நின்றதால் மேற்கே ஓடித் தப்பியது. அது மருதமுனைத் துணி வியாபாரி ஒருவருடையது. அவர் தப்பவில்லை.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் வாசலில் ஒரே சத்தம். பார்த்தால், சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு மெலிந்த மனிதர் அந்தக் குதிரையைக் கயிற்றில் பிடித்தபடி நிற்கிறார். குதிரையின் முதுகில் இரண்டு பக்கமும் இரண்டு அரிசிச் சாக்கு.

"சொறிக்கல்முனையில இருந்து வாறன் தம்பி. இது எங்கட வயலுக்குள்ள வந்து நிண்டிச்சி. நல்ல குதிர, ஆராவது தேடுவாங்க எண்டு கொண்டு வந்தன். வெறுமுதுகோட வரப்படாதெண்டு ஊருக்குள்ள அரிசி சேத்தம்."

துணி வியாபாரியின் மனைவி அந்த முகாமில்தான் இருந்தார். எல்லோரும் அவரை ராத்தா என்போம். அவர் வெளியே வந்து குதிரையின் நெற்றியில் கையை வைத்தார்.

"எனக்கே சோறு ஆரோ தாறாங்க. இதுக்கு நான் எங்க போய்ப் புல்லுப் பாக்கிற? உங்கட வயலத் தேடித்தான் ஓடி வந்திரிக்கி. உங்களுக்கெண்டு எழுதினது. கொண்டு போங்க."

அவர் மறுத்தார். ராத்தா விடவில்லை. "சினைக்குதிர, பாத்துக்கொள்ளுங்க" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். அந்த மனிதர் அரிசியை இறக்கிவைத்துவிட்டு, குதிரையோடு மேற்கே, வயலோரத்துத் தன் தமிழ் ஊருக்கு, வந்த வழியே நடந்தார். அவரை நான் பிறகு அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு இங்கே பல பெருநாள்கள் குதிரை ஓடாமலே போயின. பரிசு கொடுக்க ஆள் இல்லை. நாட்டில் சண்டை வேறு. சண்டை முடிந்த வருடம், பள்ளிவாசலை நிர்வகிக்கிற நம்பிக்கையாளர்கள் ஹாஜியாரைக் கூப்பிட்டு, "இந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் குதிர ஓடாட்டி இந்த வெளிக் காணிய வேற வேலைக்குக் குடுப்பம்" என்று சொல்லிவிட்டார்கள். ஹாஜியாரையும் சேர்த்துக் குதிரை வைத்திருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் விற்கிற கதை கதைத்தார்கள். இந்த ஓட்டம் நடக்காவிட்டால் திடலே இல்லை என்ற நிலை.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வெள்ளைக் காரில் வந்தார். டவுனில் புக்கி நடத்துகிறவர். குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டுகிற கடை அது. கடலுக்குப் பிறகு தகரத்தால் அடித்திருந்த கொட்டிலைப் புதிதாகக் கட்டித் தருவாராம், பரிசு முழுவதும் அவருடையதாம். அவருக்கு வேண்டியது ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும் மட்டும்.

"ஹாஜியார், வெளிநாட்டுல எல்லாம் குதிர சும்மா ஓடுதெண்டா நினைக்கிறீங்க? திடலுக்குள்ளேயே சூதாட்ட மெசின் வெச்சிரிக்காங்க. அந்தக் காசுலதான் பரிசு. மெசின் இல்லாத இடமெல்லாம் ஒவ்வொண்டா மூடிப் போகுது. நீங்க மெசினும் இல்ல, புக்கியும் இல்ல எண்டா, கச்சான் கடை வாடகையிலயா குதிர வளக்கப்போறீங்க?"

ஹாஜியார் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். "நீங்க சொல்றது சரியா இரிக்கலாம் தம்பி. ஆனா பள்ளிக் காணியில அந்த மேச ஏறாது. தேத்தண்ணி ஆறப்போகுது, குடிச்சிட்டுப் போங்க."

அவ்வளவுதான். மில்லை ஓட்டவே கடன் வாங்கியிருந்த மனிதர், குரல் கூட உயர்த்தாமல் அவரை அனுப்பிவைத்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சூது வாசலோடு திரும்பிப் போய்விட்டது என்று நினைத்தேன். அடுத்த கிழமை நானே அதைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவரப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

என் யோசனை எளிமையானது. பரிசு கொடுக்க வெளியாள் இல்லையா? ஓடுகிற ஒவ்வொரு குதிரைக்காரரும் ஒரே அளவு கட்டணம் கட்டட்டும். அதைச் சேர்த்து வென்றவருக்குக் கொடுப்போம். ஹாஜியாருக்கும் மற்ற நால்வருக்கும் அது நியாயமாகப் பட்டது. என் மிக நல்ல எழுத்தில் அறிவித்தல் எழுதினேன். 'சேரும் கட்டணம் முழுவதும் முதலிடம் பெறும் குதிரையின் உரிமையாளருக்கே வழங்கப்படும். கட்டணம் செலுத்தாதோர் பெயர் எக்காரணம் கொண்டும் பதியப்படமாட்டாது.' ஒன்றைக் கொட்டில் கதவிலும் ஒன்றைப் பள்ளிவாசல் மதிலிலும் ஒட்டினேன். எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் அல்லவா!

ஓட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அண்ணன் சைக்கிளில் வந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அவருக்கும் என்னைத் தெரிந்தது.

"அந்தக் குதிர போட்ட குட்டி இரிக்கு தம்பி. ஆண்குட்டி. இப்ப வளந்து வாய்க்கால் ரோட்டுல மோட்டசைக்கிள முந்துது. ஓட விடுவமா?"

"கட்டணம் கட்டோணும் அண்ணே."

"காசெல்லாம் இப்ப வயலுக்குள்ள போய்க் கிடக்கு. விதச்சி முடிஞ்ச கையோட வாறன். வெள்ளாம வெட்டினா மறுகா தந்திடுறன்."

நான் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினேன். அவர் கிட்டப் போய், விரலால் தொடாமல் ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"எழுத்து நல்லாரிக்கு தம்பி" என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

நான் அவரைத் தெரியாததுபோல் நடந்துகொள்ளவில்லை. தெரிந்தபடியால்தான் அப்படிச் செய்தேன். தெரிந்தவருக்கு ஒரு விதி, தெரியாதவருக்கு ஒரு விதி என்று இருக்கக்கூடாது என்பது என் கொள்கை. அன்று பின்னேரம் வாப்பாவிடம் அதைப் பெருமையாகவும் சொன்னேன். வாப்பா வலை ஊசியை நிறுத்திவிட்டு, "அரிசி கொண்டு வந்த மனிசன்" என்று மட்டும் சொன்னார். கேள்வியாகவும் இல்லை, குற்றமாகவும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

பெருநாள் வந்தது. ஓட்டம் மறுநாள். எங்கள் மௌலவி அதுவரை வெளியூரில் இருந்தார். பெருநாள் தொழுகை முடிந்து வெளியே வரும்போது மதிலில் என் அறிவித்தலைப் பார்த்தாராம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, குடையும் கையுமாக நேரே கொட்டிலுக்கு வந்தார். ஹாஜியாரும் மற்றக் குதிரைக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

"மதில்ல இரிக்கிறத எழுதினது ஆரு?"

"நான்தான் ஹஸரத்."

"எழுத்து நல்லாரிக்கி. ஆனா எழுதியிரிக்கிறது சூது."

அவர் கோபப்படாமல், வகுப்பில் விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னார். "வெளியால ஒருத்தர் பரிசு குடுத்தா அது வேற. ஓடுற எல்லாரும் காசு போட்டு, வெண்டவன் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போனா, அது புக்கிக்காரன் மேசைதான். மேசைய நீங்க ஆளுக்குக் கொஞ்சமாத் தூக்கிட்டு வந்திரிக்கீங்க. பள்ளிக் காணியில இத நடத்த ஏலா."

காசைத் திருப்பிக் கொடுத்தால் பரிசு இல்லை. பரிசு இல்லாவிட்டால் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாவிட்டால் திடல் இல்லை. மறுநாள் காலையில் கடைக்காரர்கள் வந்து கம்பு நடப்போகிறார்கள்.

ஹாஜியார்தான் வாயைத் திறந்தார். "பரிசு தர வெளியாளு இல்ல ஹஸரத். இருந்தவங்க கடையெல்லாம் இன்னும் கூரையே போட்டு முடியல்ல. வேற வழி ஒண்டும் இல்லையா?"

"இரிக்கி" என்றார் மௌலவி. "காசு போடாத ஒருத்தன் உங்களோட சேந்து ஓடோணும். அவன் வெண்டா எல்லாக் காசும் அவனுக்கு. தோத்தா அவனுக்கு ஒரு சதமும் நட்டமில்ல. அப்பிடி ஒருத்தன் நடுவுல நிண்டா அது சூதில்ல, போட்டி."

குதிரைக்காரர்களில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் துள்ளி எழுந்தார். "இவ்வளவுதானா! கடற்கரையில புள்ளையள ஏத்துற கிழட்டுக் குதிர ஒண்டு இரிக்கில்லயா, அதக் கொண்டு வந்து நிப்பாட்டுவம். நாளைக்குத் தொடங்கின ஓட்டத்த அடுத்த பெருநாளைக்கு முடிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மௌலவியும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "தோக்கிறதுக்கெண்டே கொண்டு வந்தா அது ஆரை ஏமாத்துற? வெல்லக்கூடிய குதிரையா இரிக்கோணும். உங்கட குதிரைக்குச் சமனான குதிர. உங்கட காசு போயிடுமோ எண்டு உங்களுக்கு உண்மையாகவே பயம் வரோணும்" என்றார்.

"அப்ப நாங்க காசு கட்டி, கட்டாதவன் கொண்டு போறதா?" என்றார் துணிக்கடைக்காரர்.

"ஓம்."

"எங்களவிட நல்ல குதிரைய நாங்களே தேடிப் பிடிச்சி, வெத்தில வெச்சுக் கூப்பிடுறதா?"

"ஓம் எண்டு சொன்னனே."

தம்பிமாரே, அந்த நேரம் நான் வாய் மூடியிருந்திருக்கலாம். அப்படி ஒரு குதிரை இருப்பது அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் திருப்பி அனுப்பினேன் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒரு குதிர இரிக்கி" என்றேன். "சொறிக்கல்முனையில. மூணு நாளைக்கு முன்ன கொண்டு வரக் கேட்டார். காசில்லையெண்டு நான் திருப்பிட்டன்."

"எப்படிக் குதிர?" என்று ஹாஜியார் கேட்டார்.

"மருதமுனைக் குதிரையிட குட்டி."

ஹாஜியாருக்கு அந்தத் தாய்க்குதிரையை நன்றாகத் தெரியும். கடல் வருவதற்கு முந்திய இரண்டு பெருநாளிலும் அது அவருடைய பழைய குதிரையைத் தோற்கடித்தது. இந்த முறை வெல்லப்போவது அவர் குதிரைதான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. சேர்ந்த காசு அநேகமாக அவர் மில்லுக்குத்தான் போகப்போகிறது. அப்படியிருந்தும் அவர் சட்டைப் பையிலிருந்து மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்து மேசையில் போட்டார்.

"இன்னும் ஏன் நிக்கிறாய்? கெதியாப் போ. கிட்டங்கியில தண்ணி ஏறப் போகுது."

சொறிக்கல்முனைக்குப் போகிற வழியில் ஆற்றைக் கடக்கிற தாழ்ந்த பாதையான கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் ஏற்கெனவே முழங்காலளவுக்கு ஏறியிருந்தது. இயந்திரத்தை நிறுத்தித் தள்ளிக்கொண்டு கடந்தேன். அண்ணன் வயலில் உடைந்த வரம்பைக் கட்டிக்கொண்டிருந்தார். பெருநாள் உடுப்போடு சேற்றில் நின்ற என்னைப் பார்த்து மண்வெட்டியை ஊன்றினார்.

"என்ன தம்பி, பெருநாளும் அதுவுமா?"

"குதிரையக் கொண்டு வாங்க அண்ணே. காசு வேணாம்."

"வெண்டா?"

"எல்லாக் காசும் உங்களுக்கு."

"தோத்தா?"

"ஒண்டும் இல்ல."

அவர் முகம் மாறியது. "கோயில்ல கஞ்சி ஊத்துறமாதிரி சும்மா தாறீங்களோ? பாவம் பாத்துத் தாறதெண்டா வேணாம் தம்பி. நான் அண்டைக்கே ஒண்டும் நினைக்கல்ல."

"பாவம் பாக்கல்ல அண்ணே. நீங்க வராட்டி எங்கட ஓட்டம் சூதாப் போகும். திடலும் போகும்." நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். கிழட்டுக் குதிரைக் கதையையும் ஒளிக்கவில்லை.

அவர் வரம்பின் மேல் குந்தினார். பிறகு மெல்லச் சிரித்தார். "அப்ப உங்கட மார்க்கத்துக்கு என்ட குதிர வேணும்."

"ஓம் அண்ணே."

"வாறன். ஒரு சொல் கேப்பீங்களோ? அந்தக் கதவுல ஒட்டினத கிழிச்சிப்போட்டு, வேற ஒண்டு எழுதோணும். காசில்லாம ஒருத்தன் நல்ல குதிரையோட வந்தா அவனத் திருப்பப்படாதெண்டு. எனக்காக இல்ல. நாளைக்கு நான் தோத்தாலும் அது இரிக்கோணும். உங்கட எழுத்துத்தான் நல்லாரிக்கே."

அந்தப் பின்னேரமே கொட்டில் கதவில் புதிய அறிவித்தலை ஒட்டினேன். ஐந்து உரிமையாளர்களும் அதன் கீழே கையெழுத்து வைத்தார்கள். கொப்பியில் அவர்கள் பெயர்களுக்கு மேலே, தலைப்புக்கும் முதல் வரிக்கும் இடையிலிருந்த ஒடுங்கிய இடத்தில் அண்ணனின் பெயரை எழுதினேன். கட்டணம் என்ற இடத்தில் கோடு இழுத்தேன்.

மறுநாள் காலையில் அவர் வந்தபோது குதிரையும் ஆளும் இடுப்புவரை நனைந்திருந்தார்கள். சேணம் இல்லை, மடித்த சாக்கு ஒன்றுதான். சவுக்கு மரங்களிலிருந்து கொட்டில்வரை நேர் ஓட்டம். முதல் பாதியில் ஹாஜியாரின் குதிரை தனியாக வந்தது. பிறகு அந்தக் குட்டி கழுத்தை நீட்டியது பாருங்கள்! கச்சான் விற்றவர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். மௌலவி குடையைத் தலைகீழாகப் பிடித்திருந்தது அவருக்கே தெரியாது. ஹாஜியார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது பயம்தான். மௌலவி கேட்ட அதே பயம்.

ஹாஜியாரின் குதிரை தலையளவு தூரத்தில் வென்றது.

பரிசை வாங்கிக்கொண்டு ஹாஜியார் நேரே அண்ணனிடம் போனார். அதில் கொஞ்சத்தை எடுத்து நீட்டப்போகிறார் என்று நினைத்தேன். நீட்டவில்லை. அந்த மனிதரை அவர் அந்த அளவுக்கு மதித்தார். "எத்தினயோ தரம் வெண்டிரிக்கன்" என்றார், மூச்சு வாங்க. "இண்டைக்கு மாதிரி ஒருநாளும் வெல்லல்ல. அடுத்த பெருநாளைக்கு வருவீங்களா?"

"வருவன் ஹாஜியார். ஆனா காசு கட்டித்தான் வருவன்."

கடைகளின் இடவாடகை அந்த வருடம் திடலுக்குப் போதுமாக இருந்தது. நம்பிக்கையாளர்கள் வெளியைப் பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை. குதிரையை விற்கக் கதைத்த இரண்டு பேரும் அந்தக் கதையை மறந்துபோனார்கள்.

அடுத்த பெருநாளுக்கு முன்பு அண்ணன் சொன்னபடியே காசோடு வந்தார். எண்ணி வாங்கும்போதுதான் எனக்குச் சுரீரென்றது.

"அண்ணே, நீங்களும் கட்டினா, கட்டாம ஓடுறது ஆரு?"

"அத யோசியாம வருவனா?" என்று வாசலைக் காட்டினார். வெளியே வீரமுனையைச் சேர்ந்த ஒரு வண்டிக்காரர், புழுதி படிந்த சாம்பல் குதிரை ஒன்றைப் பிடித்தபடி, உள்ளே வரத் தயங்கி நின்றார். "இவரிட்டக் காசில்ல. குதிர என்ட குதிரைய முந்தும். ரெண்டு தரம் ஓட்டிப் பாத்திட்டன்."

தனக்கு எதிராக ஓட, தன்னைவிட வேகமான குதிரையைத் தானே தேடிக் கூட்டிவந்திருந்தார். அந்த வருடமும் அண்ணன் வெல்லவில்லை. வீரமுனைக்காரர் வென்று, ஆறு பேருடைய காசையும் கொண்டுபோனார். அண்ணன்தான் முதலில் கைதட்டினார்.

வெளிநாட்டில் மெசின் வைத்துத் திடல் நடத்துகிறார்கள். அது இல்லாமல் மூடுகிறவர்கள் மூடுகிறார்கள். நம்மிடம் கச்சான் கடை வாடகையும் கொப்பியின் முதல் வரியும்தான் இருக்கின்றன. வெள்ளைக் காரில் வருகிறவருக்கு இல்லை என்று சொல்வது உங்களுக்குச் சிரமமாக இருக்காது. தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். சிரமம் மற்றது. காசு இல்லாமல் வாசலில் நிற்கிறவரை உள்ளே எடுப்பது, அதிலும் அவர் வெல்லக்கூடியவர் என்று தெரிந்தும் எடுப்பது.

இந்த வருடத்துக்கான முதல் வரியை நான் வெறுமையாக விட்டிருக்கிறேன். அவரை நீங்கள்தான் தேட வேண்டும், அவர் தானாக வருவார் என்று இருந்துவிடாதீர்கள். போகும்போது கிட்டங்கியில் தண்ணீர் கூடியிருந்தால், மோட்டார் சைக்கிளை இந்தக் கரையில் விட்டுவிட்டு நடந்து போங்கள்.